திருத்தும் சுவர்

பேருந்துப் பணிமனையில் அவளுக்குப் பெயர் சராசரியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஓட்டுநர் அவளை வம்புக்கு இழுத்து, "என் வண்டி சாயங்காலம் எத்தனை மணிக்கு வந்து சேரும், சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டார். எந்நேரமும் ஹாரனில் கை வைத்தபடியே ஓட்டுவதால் அவருக்கு ஹாரன் என்று பெயர். "சராசரியா நாலேகால்" என்று இவளும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். அன்றைக்கென்று ஹாரனின் வண்டி நடுவழியில் படுத்துக்கொண்டது. மறுநாள் காலையில்தான் கட்டி இழுத்து வந்தார்கள். சராசரியக்கா என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. அவளும் கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு கூப்பிட்டால் திரும்ப ஆரம்பித்துவிட்டாள்.

அவள் புள்ளியியல் படித்தவள். அந்தப் படிப்பில் சேர்ந்தபோது உறவில் ஒரு மாமா, "வீடு வீடா வந்து எத்தனை பேருன்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போவாங்களே, அதுவாம்மா?" என்று கேட்டார். பட்டம் வாங்கி வந்தபோதும் அதையேதான் கேட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பணிமனையில் அவளுக்கு வேலை கொடுத்தவர்களுக்கே அவள் என்ன செய்வாள் என்பது சரியாகத் தெரியாது. பணிமனைக்கு ஒரு புள்ளிவிவர அலுவலர் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது, வைத்துக்கொண்டார்கள். டயர் கிடங்குக்கு மேலே ஓர் அறை ஒதுக்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். எந்த வண்டி எவ்வளவு தாமதம், எது எங்கே உரசியது, எந்தப் பயணி யார் மீது புகார் கொடுத்தார் என்று அத்தனையையும் அங்கே உட்கார்ந்து தொகுத்தாள். மேலே இருந்தவர்கள் ஒருவரும் படிக்கவில்லை. வரைபடம் போட்டாள், எட்டிப் பார்த்தார்கள். வரைபடத்தில் சிவப்பு நிறம் சேர்த்தாள், பயந்தார்கள். கல்லூரியில் சொல்லித்தராத இந்தப் பாடத்தை வேலையில்தான் கற்றுக்கொண்டாள்.

கல்யாணமும் அந்த அறையில்தான் முடிவானது. அறைக் கதவில் மாதப் பட்டியலை ஒட்டியதும் ஓட்டுநர்கள் படியில் தடதடவென்று ஏறி வந்து, தங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் எண்ணைப் பார்த்துக் கூச்சல் போடுவார்கள். ஒருவர் மட்டும் கூட்டம் கலைந்த பிறகு வந்து, நிதானமாகப் பார்த்து, "நடுவுலதான் இருக்கேன், வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். மாதா மாதம் நடுவிலேயே இருந்தார். நடுவில் நிற்கிற மனிதரை நம்பலாம் என்பது அவளுக்குத் தொழில் தந்த எண்ணம். கட்டிக்கொண்டாள். ஒரு மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், கணக்குப் பாடத்துக்குப் பயப்படும் வயது வந்தபோதும் அவர் நடுவில்தான் இருந்தார். குடும்பம் நடத்த அது போதுமானதாகவே இருந்தது.

அப்போதுதான் புதிய மேலாளர் வந்து சேர்ந்தார்.

அவர் "புள்ளிவிவரப் பகுப்பாய்வின் பயன்கள்" என்ற மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தவர். முதல் நாள் தொடக்க விழா, மூன்றாம் நாள் சான்றிதழ் வழங்கும் விழா. இடையில் ஒரு நாள் படிப்பும் நடந்ததாகக் கேள்வி. சான்றிதழைச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிவிட்டு, முதல் வேலையாகச் சராசரியக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, இவ்வளவு பெரிய ஆயுதத்தைக் கையில வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். "கணக்கு பொய் சொல்லாதும்மா."

கணக்கு பொய் சொல்லாது என்பதில் அவளுக்கும் மறுப்பில்லை. கணக்கு வாயே திறப்பதில்லை. பேசுவதெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான். இதைச் சொல்ல நினைத்தாள், வேலைக்கு வந்த இடத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று விட்டுவிட்டாள்.

மேலாளரின் திட்டம் எளிமையானது. தாமதம், உரசல், புகார் மூன்றையும் சேர்த்து ஒவ்வோர் ஓட்டுநருக்கும் மாதம் ஒரு குறைப்புள்ளி போட வேண்டும். குறைப்புள்ளி யாருக்கு அதிகமோ, அவருடைய புகைப்படத்தைப் பெரிதாக்கி, கேன்டீனில் கை கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டுவார்கள். கீழே "இந்த மாதம் இவர்" என்று ஓர் அட்டை. சாப்பிட்டு எழுந்த ஒவ்வொருவரும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் வாய் கொப்பளித்தாக வேண்டும். குறைப்புள்ளி யாருக்குக் குறைவோ, அவருக்கு மேலாளர் கையால் ஒரு கைக்கடிகாரம். தொட்டிக்கு மேலே உள்ள இடத்துக்குத் திருத்தும் சுவர் என்று அவரே பெயரும் சூட்டினார்.

சுவர் வேலை செய்தது. அவளுக்கு வயிற்றெரிச்சலே அதுதான். படம் மாட்டப்பட்டவர் அடுத்த மாதமே பட்டியலில் கீழே இறங்கினார். அதற்கடுத்து மாட்டப்பட்டவரும் இறங்கினார். கைக்கடிகாரம் வாங்கியவர்களோ அடுத்த மாதம் தாமதமாக வந்தார்கள், அதுவும் புதுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு. மேலாளர் நான்கு மாதம் பார்த்துவிட்டுக் கடிகாரம் கொடுப்பதை நிறுத்தினார்.

"பாராட்டினா தலைக்கனம் ஏறிடுது, அவமானப்படுத்தினா திருந்திடுறான்" என்று எல்லோரிடமும் சொன்னார். "இதை நான் சொல்லல, கணக்கு சொல்லுது."

சராசரியக்காவுக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஒரு மாதம் மோசமாகப் போனால் அதில் பாதி ஆளின் தவறு, பாதி கெட்ட நேரம். மழை, பழுது, ஊர்வலம், எரிந்துவிழும் பயணி என்று எத்தனையோ இருக்கின்றன. ஒருவரை எல்லாருக்கும் மேலே தூக்கி நிறுத்திய கெட்ட நேரம் அடுத்த மாதமும் தவறாமல் அவரையே தேடி வருவதில்லை. அது வராத மாதத்தில் அவர் தன் வழக்கமான இடத்துக்குத் தானாகவே இறங்கிவிடுவார். படம் மாட்டினாலும் இறங்குவார், மாட்டாவிட்டாலும் இறங்குவார். கடிகாரக்காரருக்கு நேர்ந்ததும் இதேதான், நல்ல நேரம் விலகிப்போனது. முதல் ஆண்டுப் பாடத்தில் வருகிற விஷயம் இது. ஆனால் பயிற்சியின் நடு நாளில் அந்தப் பக்கம் வரைக்கும் போகவில்லை போலிருக்கிறது.

இப்படிப் புழுங்கிக்கொண்டிருந்த சமயத்தில், அவள் கணவர் ஓட்டும் தடத்தில் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டினார்கள்.

அந்த மாதம் முழுக்க அவர் வண்டி தாமதம். பள்ளத்துக்கு ஒதுங்கியபோது பக்கக் கண்ணாடி விளக்குக் கம்பத்தில் உரசிப் பெயர்ந்தது. குலுக்கலில் மடியிலிருந்த சாமான் சிதறிய ஒரு பயணி, எழுதத் தெரிந்த எல்லா வார்த்தைகளையும் போட்டுப் புகார் கொடுத்திருந்தார். சராசரியக்கா கூட்டிப் பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலாகக் கூட்டிப் பார்த்தாள். கூட்டலுக்கு உறவுமுறை தெரியாது. பட்டியலின் உச்சியில் அவள் கணவர் இருந்தார். ஒரு கணம் பேனா தடுமாறியது என்றால் அவளைத் தப்பாக நினைக்க வேண்டாம். எண்ணை மாற்றாமல்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வீட்டில் அவரிடம் அவளே சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"என் படம் அந்தச் சுவர்ல ஏறுச்சுன்னா நான் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன். வாசல்ல உக்காந்து வண்டி நம்பர் எழுதுற வேலையை வாங்கிக்கிறேன்."

"என்னங்க இது, ரோட்டைத் தோண்டினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அது அந்தச் சுவருக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

வண்டி ஓட்டுவது அவருக்கு வெறும் பிழைப்பு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். விடுமுறை நாளில்கூட நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கால் பிரேக்கைத் தேடும் மனிதர். அவரை வாசலில் உட்காரவைத்துப் பார்க்க அவளால் முடியாது. மறுநாள் காலையில் முதல் ஆளாக மேலாளர் அறைக்குள் நுழைந்தாள்.

தடம் வாரியாக, மாதம் வாரியாக எல்லாவற்றையும் விளக்கினாள். மேலாளர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். அது பயிற்சியில் கற்றுத்தந்த தலையாட்டல்.

"சார், சுவருக்கு வெள்ளையடிச்ச மாசம் யார் படத்தையும் மாட்டல. அந்த மாசம் மேல இருந்தவரும் அடுத்த மாசம் இறங்கிட்டாரே?"

"அதாம்மா அழகே. எப்ப மாட்டுவாங்களோன்னு பயந்தே திருந்தியிருக்கான்."

"சார், அப்ப மாட்டினாலும் சுவருக்குத்தான் பேரு, மாட்டலைன்னாலும் சுவருக்குத்தான் பேரா?"

"இப்பத்தான் உங்களுக்குப் புரியுது" என்றார் மேலாளர், உச்சி குளிர்ந்து. "வீட்டுக்காரர்னு பாக்காதீங்கம்மா. அவர் நல்லதுக்குத்தானே?"

சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனால் அவள் விடுகிற ஜாதி இல்லை. மகளின் ஏணியும் பாம்பும் விளையாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு பகடைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். மதிய இடைவேளையில் மேலாளரைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டாள். ஓட்டுநர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு முறை இரண்டு பகடைகளையும் உருட்ட வேண்டும். யாருக்குக் குறைவாக விழுகிறதோ, அவரை மேலாளர் நன்றாகத் திட்ட வேண்டும். பிறகு அவர் மறுபடி உருட்டுவார். பகடைக்குக் காது கிடையாது, திட்டும் பாராட்டும் அதற்கு ஒன்றுதான் என்பதை ஊரறியக் காட்டிவிட்டால் கதை முடிந்தது என்று கணக்குப் போட்டிருந்தாள்.

உருட்டினார்கள். ஹாரனுக்கு இரண்டிலும் ஒன்று விழுந்தது. அதற்குக் கீழே போக வழியே கிடையாது. மேலாளர் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, திட்டினார். வேலைக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு ரசித்து அவர் எதையும் செய்ததில்லை. பொறுப்பு, ஒழுக்கம், நிறுவனத்தின் எதிர்காலம் எல்லாம் அந்தத் திட்டுக்குள் வந்து போயின. ஹாரன் தலைகுனிந்து நின்றார். பிறகு வியர்த்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி உருட்டினார். ஒன்பது விழுந்தது.

"பாத்தீங்களா சார்?" என்று சராசரியக்கா வெற்றியோடு திரும்பினாள்.

"பாத்தேன்மா, பாத்தேன்" என்றார் மேலாளர். கண் பளபளத்தது. "பகடையே பயப்படுது, மனுஷன் பயப்படமாட்டானா?"

கேன்டீனே கைதட்டியது. ஹாரன் அவளிடம் வந்து, "நிஜமாவே அக்கா, சார் திட்டினதும் கையில ஒரு நிதானம் வந்துச்சு" என்று ரகசியமாகச் சொன்னார். பணிமனையில் ஒருவர்கூட எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. அன்று சாயங்காலமே அவள் கணவரின் முகம் தொட்டிக்கு மேலே ஏறியது. கல்யாணத்துக்கு எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். தோளோரத்தில் அவளுடைய புடவைத் தலைப்பு கொஞ்சம் தெரிந்தது.

வாசல் வேலை காலியில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவர் வண்டியையே ஓட்டினார். கேன்டீன் பக்கம் போகவில்லை. ஓட்டுநர் இருக்கையிலேயே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, குடிநீர் பாட்டிலைச் சாய்த்துக் கை கழுவினார். மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்க்கும் சராசரியக்கா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே தள்ளிவைப்பாள். வீட்டில் அவர் பேச்சு பாதியாகக் குறைந்தது. மகள் ஏதாவது கேட்டால் உம் கொட்டினார். நடையில்கூட ஒரு குனிவு வந்துவிட்டது.

அதற்குள் குழாய் பதித்து முடித்து, பள்ளத்தை மூடி, மேலே வழுவழுவென்று தார் போட்டுவிட்டார்கள். அந்த மாதக் கணக்கில் அவர் நடுவுக்கும் கீழே இறங்கியிருந்தார். அவர் வாழ்நாளில் இல்லாத நல்ல மாதம். சராசரியக்கா சந்தோஷப்பட ஆரம்பிப்பதற்குள், தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளருக்கு அழைப்பு வந்துவிட்டது. எல்லாப் பணிமனைகளின் கூட்டத்தில் அவர் பேச வேண்டும். தலைப்பைச் சொல்லத் தேவையில்லை. உரையை எழுதித்தர வேண்டியவள் யார் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

எழுதினாள். தடத்தின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒரு மாதத்தை வைத்து மனிதரை எடைபோடக் கூடாது, எச்சரிக்கையாகப் பயன்படுத்தினால் பகுப்பாய்வைப் போல உபகாரமான பொருள் வேறில்லை என்று மனமார எழுதினாள். மேலாளர் அந்தப் பத்திகளை நீளம் கருதி நீக்கினார். மிஞ்சியது வணக்கமும் நன்றியும்தான். நடுவில் இருந்த இடத்தில் அவள் கணவரை மேடையேற்றினார்.

"இதோ, சாட்சி" என்றார்.

பெரிய அரங்கம். குளிர்சாதனத்தின் உறுமல். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சராசரியக்கா முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். இப்போது அவர் வெடிக்கப்போகிறார், சாலையைத் தோண்டிய கதையைச் சொல்லி மேலாளரின் மூக்கை உடைக்கப்போகிறார் என்று நினைத்தாள்.

அவர் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "முதல்ல கோபம்தாங்க வந்துச்சு. சோறு இறங்கல. அப்புறம் யோசிச்சேன். நம்ம மேலயும் தப்பு இருக்கும்னு தோணுச்சு. அந்தப் படம்தாங்க என்னைத் திருத்துச்சு."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவரும் ஒரு மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், யாரோ ஓட்டிய பேருந்தில், பக்கத்தில் உட்கார்ந்து அவள் மெல்ல ஆரம்பித்தாள். "என்னங்க, அந்த ரோட்டுக்குத் தாரு போட்டாங்க இல்ல..."

"ஆமா."

"அதனாலகூட உங்க புள்ளி இறங்கியிருக்கலாம்."

அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். "ஒரு மாசமா பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டியிருக்கேன். விடியறதுக்கு முன்ன போய்க் கண்ணாடி, டயர் எல்லாம் நானே பாத்தேன். அதெல்லாம் ஒண்ணுமே இல்லை, தாருதான் காரணம்னு சொல்றியா? அப்ப நான் திருந்தலையா?"

நீங்கள் திருந்த என்ன இருந்தது என்று கேட்க வாய் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாள். அடிபட்ட இடத்தின் மேல் அவரே கட்டிக்கொண்ட கட்டு அது, தானே உழைத்து மீண்டுவிட்டோம் என்ற எண்ணம். அதைப் பிரித்தெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. உண்மை எங்கே ஓடிவிடப்போகிறது, இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"உங்க முயற்சிதாங்க" என்றாள்.

அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். அன்று ராத்திரி மகளிடம் விழுந்து விழுந்து சிரித்துப் பேசினார். அதைப் பார்த்து அவளும் சிரித்தாள். படித்த படிப்புக்குத் துரோகம் செய்து வாங்கிய சிரிப்புதான், இருந்தாலும் வீடு வீடாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மகள் கணக்குப் பரீட்சை எழுதினாள். காய்ச்சலோடு எழுதினாள். மாத்திரை போட்டுக்கொண்டு போனவள் பாதி நேரம் மேசையில் தலைவைத்துப் படுத்திருந்ததாக ஆசிரியையே சொல்லியனுப்பியிருந்தார். வழக்கமாக வாங்குவதில் பாதிகூட வரவில்லை. விடைத்தாள் வந்த அன்று சராசரியக்கா பணிமனையிலிருந்து வீடு திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கழுவலாம் என்று கை கழுவும் தொட்டிக்குப் போனாள்.

தொட்டிக்கு மேலே மகளின் பள்ளிப் புகைப்படம் மாட்டியிருந்தது. புதுச் சட்டம். கீழே ஓர் அட்டையில், அவள் கணவரின் அழகான கையெழுத்தில், "இந்த மாதம் இவள்" என்று எழுதியிருந்தது.

பேயறைந்தது போல நின்றாள். குழாயைத் திறந்தபடியே விட்டிருந்ததுகூடத் தெரியவில்லை.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"ஏன் கத்துற? அடுத்த பரீட்சையில பாரு, எப்படி ஏறுதுன்னு."

"குழந்தைக்குக் காய்ச்சல்ங்க!"

"எனக்கும்தான் ரோட்டைத் தோண்டியிருந்தாங்க. சாக்குச் சொன்னேனா?" அவர் குரலில் கோபமே இல்லை. பிள்ளை நன்றாக வர வேண்டும் என்ற அக்கறைதான் இருந்தது. அதுதான் அவளை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. "எனக்குப் பலிச்சது அவளுக்குப் பலிக்காதா? நீதானே சொன்ன, என் முயற்சிதான்னு."

அடுத்த பரீட்சைக்குக் காய்ச்சல் இருக்காது. மதிப்பெண் ஏறும். ஏறாமல் இருக்க வழியே இல்லை. அப்புறம் இந்த ஆணியை இந்தச் சுவரிலிருந்து யாராலும் பிடுங்க முடியாது. இறங்கும்போதெல்லாம் மாட்டுவார், ஏறும்போதெல்லாம் சுவரைப் பாராட்டுவார், பெண்ணைப் பாராட்டவே மாட்டார். இவ்வளவும் அவள் மனதில் நொடியில் ஓடியது. கூடவே இன்னொன்றும் ஓடியது. அடுத்த பரீட்சையிலும் குழந்தை தோற்றுப்போகட்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டாள். பெற்ற தாய் வேண்டுகிற வேண்டுதலா இது என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. அன்று பேருந்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம், அவர் முகம் வாடியிருக்கும், அவ்வளவுதான்.

எட்டிப் படத்தைக் கழற்றினாள். ஆணியையும் பிடுங்கினாள். சுண்ணாம்பு உதிர்ந்து தொட்டியில் விழுந்தது.

அவர் தடுக்கவில்லை. "எடுத்துக்கோ. ஒரு மணி நேரம் மாட்டினதே போதும். இதுக்குள்ள வேலை செஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கதவோரத்தில் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. கண் சிவந்திருந்தது. அருகில் வந்து அம்மாவின் கையிலிருந்த படத்தை வாங்கி, தன் முகம் தெரியாதபடி கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கவலைப்படாதம்மா. அடுத்த தடவை கண்டிப்பா நல்ல மார்க் வாங்கிடுவேன்."

"வாங்குவ கண்ணு" என்று சொல்லி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள் சராசரியக்கா. "அதுதான்டி எனக்குப் பயமா இருக்கு."